தோட்டைக் கொடுக்கும் முன் கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்

பழைய வைரத்தோட்டை அழித்துப் புதுசாகக் கட்டக் கொடுக்கும்போது கடைக்காரர் கல்லைச் சோதித்தால் சிலருக்குக் கோபம் வந்துவிடுகிறது, "பாட்டி போட்ட கல்லையே சந்தேகப்படுறாரா?" என்று. என்னைக் கேட்டால், சோதிக்காமல் வாங்கி உள்ளே வைக்கிறவரிடம்தான் கொடுக்கக் கூடாது.

முதலில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். உள்ளே இருக்கும் கரும்புள்ளி, இறகு போன்ற விரிசல், ஓரத்து உடைசல் எல்லாம் நம் எதிரிலேயே ரசீதில் ஏற வேண்டும், ஏனென்றால் நாளைக்கு "இது என் கல் இல்லை" என்று சண்டை வந்தால் இரண்டு பேருக்கும் அதுதான் சாட்சி. விரிசலுக்குள் கண்ணாடி நிரப்பிய கல்லாக இருந்தால், ஆசாரி பற்றவைக்கப் பொடி வைத்து ஊதும் சூட்டில் அந்த நிரப்பு கெட்டுப்போகும். அதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அப்புறம் பேனா மாதிரி ஒரு டெஸ்டர். வைரம் வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும், அதைத்தான் இது பார்க்கிறது. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கிற கியூபிக் ஜிர்கோனியா இங்கேயே மாட்டிக்கொள்ளும். மாய்ஸனைட் என்று வைரம் மாதிரியே இருக்கும் இன்னொரு கல் தப்பிவிடும், அதற்கு மின்கடத்தலையும் பார்க்கிற டெஸ்டர் வேண்டும். ஆய்வகத்தில் வளர்த்த கல் நிஜமாகவே வைரம்தான், அதனால் இந்தப் பேனா டெஸ்டரில் பிடிபடாது, லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எடை? பின்பக்கம் மூடிய பழைய தோட்டில் கல்லைக் கழற்றாமல் சரியாகச் சொல்ல முடியாது. கழற்றும்போது கூடவே இருங்கள், ஒரு காரட் வெறும் 0.2 கிராம்தான்.