ஐசாக் லெவல் 1: ரக்பி வீரர்களை அளந்து தேற நினைப்பவர்களுக்கு

ஐசாக் (ISAK) என்பது உடலளவு எடுப்பவர்களுக்குச் சான்றிதழ் தரும் சர்வதேச அமைப்பு. அதன் லெவல் 1 தேர்வுக்காக நான் அளந்த 20 பேரின் அளவுகளும் ஏற்கப்பட்டு முடிவு வந்துவிட்டது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 21 அளவுகள் எவை, எந்தப் பக்கம் அளக்க வேண்டும், ஏன் இரண்டு சுற்று என்பதெல்லாம் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். அந்த 20 பேரில் ரக்பி வீரர்கள் இருந்தால் மட்டும் வரும் சிக்கல்களை இங்கே சொல்கிறேன். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பிலும் கண்டியிலும் ரக்பி கிளப்புகள் உண்டு, ஆள் கிடைப்பது எளிது. ஆனால் கிடைக்கிறார்களே என்று எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து அளந்துவிடாதீர்கள்.

இந்தத் தேர்வில் தேறுவதும் தவறுவதும் பெரும்பாலும் தோல்மடிப்பை அளக்கும் கேலிப்பரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அளக்கும் இடங்களுக்குத் தோலில் குறி போடும்போதே முடிவாகிவிடுகிறது. இதை நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றலாம். கணக்கைப் பாருங்கள்.

பிழைக் கணக்கு, இரண்டு சுற்றுகளுக்கும் இடையிலான வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுப்பது. அதைச் சராசரியின் சதவீதமாகச் சொல்வார்கள். ட்ரைசெப்ஸ் (மேற்கையின் பின்பக்க) மடிப்பின் சராசரி 12 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 20 பேரிலும் வித்தியாசம் 0.6 மி.மீ.தான் என்றால் பிழை 3.5 சதவீதம், தாராளமாகத் தேறிவிடலாம். அதே 20 பேரில் 19 பேருக்கு 0.6, ஒரே ஒருவருக்கு மட்டும் 5.4 என்று வந்தால் பிழை 7.9 சதவீதம். தோல்மடிப்புக்கு எல்லை 7.5. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு மடிப்பு, அவ்வளவுதான். மூன்றாவது அளவு எடுத்துச் சரிசெய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். அது அந்த வீரரின் அறிக்கைக்கு உதவும். பிழைக் கணக்கோ முதல் இரண்டு அளவுகளின் வித்தியாசத்தில்தான் நடக்கிறது.

5 மி.மீ. வித்தியாசம் விரல் நடுக்கத்தால் வராது. குறி நகர்ந்திருந்தால்தான் வரும். 1 செ.மீ. தள்ளிப் பிடித்தாலே மடிப்பின் கனம் மாறிவிடும். அதிலும் இடுப்பைச் சுற்றிய மூன்று மடிப்புகளில் மாற்றம் பெரிது.

இரு அணிகளும் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் முதல் வரிசையில் நிற்கும் ப்ராப், ஹூக்கர் போன்ற முன்வரிசைக்காரர்களிடம் குறி ஏன் நகர்கிறது? இடுப்பெலும்பின் பக்கவாட்டு மேல்விளிம்பிலுள்ள இலியோகிரிஸ்டாலே புள்ளியைத் தேட விரலை அழுத்தமாக உள்ளே செலுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போது மேலிருக்கும் தோலும் சேர்ந்து நகர்கிறது. அழுத்தியபடியே குறி போட்டுவிட்டு விரலை எடுத்தால், தோல் பழைய இடத்துக்குத் திரும்பும்போது குறியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். எலும்பு ஓரிடம், குறி வேறிடம். இதற்கு ஒரே வழிதான் உண்டு: எலும்பைக் கண்டுபிடியுங்கள். விரலை முழுவதும் எடுங்கள். தோல் தன்னிலைக்கு வரட்டும். மறுபடி கண்டுபிடியுங்கள். இப்போது குறி போடுங்கள். மூன்றாம் முறை தொட்டுச் சரிபாருங்கள். ஒவ்வொரு குறிக்கும் இப்படித்தான். ஒரு ப்ராப்புக்குக் குறி போட மட்டும் 15 நிமிடம் ஆகும், ஆகட்டும்.

நம் ஊர்த் தோல் நிறத்தில் நீல பால்பாயின்ட் பேனா சரியாகத் தெரியாது. வியர்வை பட்டால் கலைந்தும் போகும். வெள்ளை நிறக் கண் பென்சில் வாங்கிக் கூராகச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். கோடு தடித்தாலே 2 மி.மீ. போய்விடும்.

குறிகளில் ரக்பிக்காரர்களிடம் ஏமாற்றுபவை:

அக்ரோமியாலே (தோள்பட்டை எலும்பின் வெளிநுனியான அக்ரோமியனில் உள்ள புள்ளி). தோளில் மோதி விழுவது ரக்பியில் அன்றாடம். பழைய காயத்தால் காறையெலும்பின் நுனி தூக்கி நிற்கும் தோள்கள் நிறைய. விரலுக்கு முதலில் தட்டுப்படும் அந்த மேடு அக்ரோமியன் அல்ல. முதுகுப் பக்கத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் முகட்டைப் பிடித்துக்கொண்டே வெளிப்புறமாக வாருங்கள். இங்கே தவறினால் கையின் நடுப்புள்ளி தவறும். அதோடு ட்ரைசெப்ஸ், பைசெப்ஸ், கைச் சுற்றளவு எல்லாமே தவறும்.

சப்ஸ்கேப்புலாரே (தோள்பட்டை எலும்பின் கீழ்முனை). முதுகுத் தசை கனமாக இருப்பவரைக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கச் சொன்னால் எலும்பின் கீழ்முனை எழும்பித் தெரியும். ஆனால் கையை மறுபடி தொங்கவிடச் சொல்லி, முனை எங்கே போயிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் குறி. கை மடங்கிய நிலையிலேயே குறி போடுவது மிகவும் சாதாரணமாக நடக்கும் தவறு.

இலியோஸ்பைனாலே (இடுப்பெலும்பின் முன்முனை). வலது குதிகாலைத் தூக்கித் தொடையை வெளிப்புறமாகத் திருப்பச் சொன்னால், அங்கிருந்து கிளம்பும் தசைநார் அசைவது விரலுக்குத் தெரியும். பாதத்தை இறக்கிய பிறகு குறி.

ரேடியாலே (முழங்கையருகே ஆர எலும்பின் தலை). முன்கையை மெதுவாகத் திருப்புங்கள். விரலடியில் எலும்பின் தலை உருளும். இதில் சிக்கல் இல்லை.

இடுப்பெலும்பின் பக்கவிளிம்புக்கு மேல் பிடிக்கும் இலியாக் கிரெஸ்ட் மடிப்பும் அதற்கு முன்புறம் பிடிக்கும் சூப்ராஸ்பைனாலே மடிப்பும் வேறுவேறு என்று வகுப்புக்குப் போன அனைவருக்கும் தெரியும். குழப்பம் சமன்பாடுகளில் வருகிறது. டர்னின், வொமர்ஸ்லி 1974-இல் கொடுத்த உடல் அடர்த்தியைக் கணிக்கும் 4 மடிப்புச் சமன்பாட்டுக்கு வேண்டியது இலியாக் கிரெஸ்ட். ஹீத்-கார்ட்டர் உடல்வகைக் கணக்குக்கு வேண்டியது சூப்ராஸ்பைனாலே. பழைய கட்டுரைகள் இரண்டையுமே ‘சூப்ராஇலியாக்’ என்று எழுதும். பெயரை நம்பாமல், எந்த எலும்பிலிருந்து எடுத்தார்கள் என்று படியுங்கள்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பது

சதவீதப் பிழை சராசரியால் வகுத்து வருவதால், மெலிந்தவர்களே உங்களைக் கவிழ்ப்பார்கள். பின்னால் நின்று ஓடும் பேக்ஸ் வீரர்களில் விங், ஸ்க்ரம் ஹாஃப் ஆடுபவர்களின் பைசெப்ஸ் (மேற்கையின் முன்பக்க) மடிப்பு 4 மி.மீ. அளவில்தான் இருக்கும். 20 பேரும் அப்படிப்பட்டவர்களாக இருந்து, ஒவ்வொருவரிடமும் 0.6 மி.மீ. வித்தியாசம் வந்தால் பிழை 10.6 சதவீதம். சராசரி 7 மி.மீ. ஆக இருந்தால் அதே 0.6-க்கு 6.1 சதவீதம்தான். எனவே ஆள் கிடைக்கிறார்களே என்று பேக்ஸ் வீரர்களை மட்டும் அளக்காதீர்கள். முழுக்க முன்வரிசைக்காரர்களும் வேண்டாம், அவர்களிடம் வித்தியாசமே பெரிதாக வரும். ஃப்ளாங்கர், நம்பர் 8, சென்டர் ஆடுபவர்கள்தான் இந்தத் தேர்வுக்கென்றே அமைந்த உடல்கள்: எலும்பு தட்டுப்படும், மடிப்பும் மெல்லியதாக இருக்காது. அவர்களை அதிகமாக எடுங்கள். ப்ராப்புகளைக் கை பழகிய பிறகு, கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வலது தோளோ முழங்காலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வேண்டாம்.

மடிப்பைப் பிடிப்பது

விரல் குறியின் மேல், கேலிப்பர் 1 செ.மீ. தள்ளி, நகத்தின் பாதி ஆழத்தில். விசையை முழுதாக விட்ட பின் 2 வினாடி. பருத்த மடிப்பில் முள் இறங்கிக்கொண்டே இருக்கும். எங்கே நிற்கும் என்று காத்திருக்காதீர்கள். 2 வினாடியில் இருப்பதுதான் அளவு. காத்திருந்தால் கொழுப்பிலுள்ள நீர் ஒதுங்கி அளவு குறைந்துகொண்டே போகும். அதனால்தான் எட்டு மடிப்பையும் ஒரு சுற்று முடித்துவிட்டு இரண்டாம் சுற்றுக்குப் போகிறோம். ஒரே இடத்தை அடுத்தடுத்து இரண்டு முறை பிடித்தால் இரண்டாவது எப்போதும் சிறியதாகத்தான் வரும்.

ஹார்ப்பெண்டன் கேலிப்பரில் பெரிய முள் ஒரு சுற்று வந்தால் 20 மி.மீ. ப்ராப்பின் அப்டாமினல் (வயிற்று) மடிப்பில் முள் 6-இல் நின்றால் அது 26 ஆகவும் இருக்கலாம், 46 ஆகவும் இருக்கலாம். சுற்றுகளைக் காட்டும் சின்ன முள்ளையும் பார்த்து உரக்கச் சொல்லுங்கள், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும்.

ஃப்ரன்ட் தை (முன்தொடை) மடிப்பு தனி உபாதை. தொடைத் தசை இறுகியவர்களிடம் தோல் எழும்பவே எழும்பாது. பெட்டியின் முன்விளிம்பில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, தொடையின் அடிப்பாகத்தை இரு கைகளாலும் அவரையே தாங்கச் சொல்லுங்கள். அப்போதும் எழும்பவில்லை என்றால் எழுதுபவர் இரண்டு கைகளாலும் மடிப்பைத் தூக்கிக் கொடுக்கலாம். முதல் சுற்றில் எந்த முறையோ இரண்டாம் சுற்றிலும் அதே முறை. மாற்றினால் வித்தியாசம் எகிறும்.

சுற்றளவு, எலும்பு அகலம் ஆகியவற்றின் எல்லை 1.5 சதவீதம். இதில் தவறுவோர் குறைவு. நினைவுக்கு மட்டும்:

- இடுப்பு: ப்ராப்புகளுக்குக் குறுகலான இடமே இருக்காது. 10-ஆவது விலாவின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும்போது.
- மடக்கிய கை: முதல் சுற்றில் பாதி பலத்தில் மடக்கிவிட்டு இரண்டாவதில் முழு பலம் காட்டுவார்கள். தொடங்குமுன் ஒரு முறை முழு பலத்தில் மடக்கவைத்துப் பாருங்கள்.
- தொடை எலும்பு அகலம்: கருவியின் முனைகளை ஆள்காட்டி விரலால் நன்றாக அழுத்துங்கள். மென்மையாக வைத்தால் சதையைத்தான் அளப்பீர்கள்.
- உயரம்: காலையிலிருந்து மாலைக்குள் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். இரண்டு சுற்றும் ஒரே வேளையில்.
- பயிற்சிக்குப் பிறகு யாரையும் அளக்கக் கூடாது. வியர்வையில் மடிப்பு வழுக்கும், தோலில் ரத்த ஓட்டம் கூடி மடிப்பு தடிக்கும்.

அறிக்கையில் என்ன எழுதுவது

1995 ஆகஸ்டில் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமானது. சர்வதேச வீரர்களின் சராசரி எடை 1955-இல் 84.8 கிலோ, 2015-இல் 105.4 கிலோ. இந்த எடையில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்பதைத்தான் பயிற்சியாளர் கேட்பார். பி.எம்.ஐ. (எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது) இங்கே உதவாது: 1.85 மீட்டர், 112 கிலோ உள்ள ப்ராப்புக்கு அது 32.7 என்று வரும், உடல்பருமன் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கொழுப்புச் சதவீதத்தையும் முதல் வரியில் எழுதாதீர்கள். 7 மடிப்புகளின் கூட்டு 100 மி.மீ. உள்ளவருக்கு விதர்ஸ் 1987-இல் கொடுத்த சமன்பாட்டின்படி உடல் அடர்த்தி 1.0588, அடர்த்தியைக் கொழுப்பாக மாற்றும் சிரி சூத்திரத்தில் போட்டால் கொழுப்பு 17.5 சதவீதம். அந்தச் சமன்பாடு ஆஸ்திரேலிய ஆண் வீரர்களை அளந்து உருவானது. ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்குக் கொழுப்பு அதிகம் என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். அப்படியிருக்க, அங்கே உருவான சமன்பாட்டை நம் வீரர்மேல் போட்டு தசமப் புள்ளி வரை எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம். கூட்டுத்தொகையை மி.மீ.யிலேயே கொடுங்கள்.

தசை கூடியதா குறைந்ததா என்று பார்க்க ரக்பிக்கென்றே ஓர் எளிய கணக்கு உண்டு. டூத்தி குழுவினர் சூப்பர் 12 என்ற தென் அரைக்கோளப் போட்டியில் ஆடிய ஓர் அணியின் வீரர்களை வைத்து 2006-இல் வெளியிட்டது. இலியாக் கிரெஸ்ட் நீங்கலான 7 மடிப்புகளைக் கூட்டி, அந்தத் தொகையின் 0.13 அடுக்கால் எடையை வகுக்க வேண்டும். பேக்ஸ் வீரர்களுக்கு அடுக்கு 0.14. வருவது கிலோ அல்ல, ஒரு குறியீட்டு எண். அதே வீரரை அவரோடேயே ஒப்பிட மட்டும் பயன்படும். 112 கிலோ, 100 மி.மீ. உள்ள ப்ராப்புக்கு 61.5. சீசனுக்கு முந்தைய பயிற்சி முடிந்து 111 கிலோ, 85 மி.மீ. ஆனால் 62.3. எடை ஒரு கிலோ குறைந்தும் குறியீடு 1.2 சதவீதம் கூடியிருக்கிறது. அவரே 114 கிலோ, 115 மி.மீ. ஆகியிருந்தால் மறுபடி 61.5. ஏறிய 2 கிலோவில் தசை இல்லை. தராசை மட்டும் பார்க்கும் பயிற்சியாளர் இந்த இடத்தில்தான் வீரரைத் தவறாகப் பாராட்டுவார்.

கைச் சுற்றளவையும் இப்படிப் பிரிக்கலாம். சுற்றளவிலிருந்து, செ.மீ. ஆக்கிய ட்ரைசெப்ஸ் மடிப்பின் 3.14 மடங்கைக் கழியுங்கள். சுற்றளவு 40, மடிப்பு 15 மி.மீ. என்றால் 35.3. டேப் அதே 40 காட்டி மடிப்பு 11 ஆகியிருந்தால் 36.5. டேப்பில் தெரியாத தசை அது.

ப்ராப்பின் கூட்டுத்தொகை விங் ஆடுபவரைவிடக் கூடுதலாக இருப்பதைக் குறையாக எழுத வேண்டாம். ஸ்க்ரம்மில் எடை வேண்டும், மோதலில் மேல்படலம் ஓரளவு காக்கும். வெயிலில் ஆடும்போதும் வேகம் பிடிக்கும்போதும் அதே கொழுப்பு சுமையாகிவிடும். எனவே குறைக்கச் சொல்வதானால் மாதத்துக்கு எத்தனை மி.மீ. என்று, குறியீடு இறங்காத வேகத்தில் சொல்லுங்கள்.

அணியில் டெக்ஸா (எக்ஸ்-கதிரால் கொழுப்பையும் மெலிந்த திசுவையும் பிரித்துக் காட்டும் கருவி) வசதி இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வரும். வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பிறகு, காலையில் எடுத்ததாக இருக்க வேண்டும். முந்தின நாள் நிறைய மாவுச்சத்து சாப்பிட்டாலோ கிரியேட்டின் தொடங்கியிருந்தாலோ சேரும் நீரைக் கருவி மெலிந்த திசு என்று எண்ணிக்கொள்ளும். 2 மீட்டர் உள்ள லாக் ஆட்டக்காரர் படுக்கையின் அளவெடுக்கும் பரப்புக்குள் அடங்கமாட்டார். தலையையோ பாதத்தையோ விட்டுவிட்டு எடுத்த அறிக்கையை முழு உடல் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஒரு காலைப்பொழுதுக்கு 3 பேர் போதும். அறையில் அளக்கப்படுபவரும் எழுதுபவரும் தவிர வேறு யாரும் வேண்டாம். முதல் சுற்று எண்கள் எழுதிய தாளை மடித்து வைக்கச் சொல்லிவிட்டு இரண்டாம் சுற்றைத் தொடங்குங்கள். ப்ராப் இருவரை ஒரே நாளில் வைக்காதீர்கள். முதலாமவரின் இடுப்பு மடிப்புகளை இரண்டு சுற்று பிடித்து முடிக்கும்போதே கட்டைவிரல் தளர்ந்திருக்கும்.