கதிர்வீச்சும் விதையில்லாக் கமலாவும்

கதிர்வீச்சைக் கொண்டு பழமரங்களை மேம்படுத்துகிறார்கள் என்றதும் பலருடைய முகத்தில் அச்சம் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். காமா கதிர், ஒட்டுக்கட்ட எடுக்கும் மொட்டுக் குச்சியை ஊடுருவிச் சென்றுவிடும். அதில் கதிரியக்கம் தங்குவதில்லை. நாம் உண்ணும் பழமோ பல ஒட்டுத் தலைமுறைகளுக்குப் பின் வந்த மரத்தில் காய்த்தது. ஆரஞ்சு, கமலா வகைகளுக்கு இந்த வழி ஏன் தேவைப்பட்டது என்பதுதான் என்னை ஈர்க்கும் கேள்வி.

இந்த இனத்து மரங்கள் பலவற்றில், மகரந்தச் சேர்க்கையால் உண்டாகும் கருவோடு, தாயின் திசுவிலிருந்தே நேராகத் தோன்றும் கருக்களும் ஒரே விதைக்குள் வளர்கின்றன. இவையே பெரும்பாலும் முந்திக்கொள்வதால், இரு மரங்களைக் கலந்து விதை எடுத்தாலும் முளைப்பது தாயின் நகலாகவே இருக்கும். தப்பிப் பிழைக்கும் கலப்புக் கன்றும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அப்போதும் தாயின் சுவை அதில் அப்படியே இருக்காது. சுவையும் நிறமும் மாறாமல் விதை மட்டும் நீங்க வேண்டுமென்றால், மரபணுவில் ஓரிரு இடங்கள் மட்டும் மாற வேண்டும்.

எக்ஸ் கதிர்கள் பழ ஈக்களில் சடுதி மாற்றங்களை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றங்களை, உண்டாக்கும் என்று மரபியலாளர் ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டினார். அமெரிக்காவின் டெக்சாஸில் ரிச்சர்ட் ஹென்ஸ் 1959இல், அடர்சிவப்புச் சதையும் ஏராளமான விதைகளும் கொண்ட ஹட்சன் என்ற கிரேப்ஃப்ரூட் (பம்ளிமாஸ் போன்ற பெரிய பழம்) வகையின் விதைகளை நியூட்ரான் கதிர்களுக்கு உட்படுத்தினார். அதன் விளைவாக வந்த ஸ்டார் ரூபி 1970இல் வெளியிடப்பட்டது. நிறம் அற்புதம், விதைகளும் மிகக் குறைவு. ஆனால் மரம் நலிவானது, களைக்கொல்லிகளைத் தாங்காதது. ஒன்றைத் திருத்தப் போய் மற்றொன்று கெடுவது இம்முறையில் எப்போதும் உள்ள இடர். ரூபி ரெட் என்ற மற்றொரு கிரேப்ஃப்ரூட் வழிவந்த கன்றின் மொட்டுகளிலிருந்து இதே முறையில் உருவாகி 1984இல் வெளிவந்த ரியோ ரெட், நிறத்தில் ஸ்டார் ரூபிக்குச் சற்றுக் குறைந்தாலும், தோட்டக்காரருக்கு அதைவிட நல்ல மரமாக அமைந்தது. 1983 டிசம்பரின் கடும் உறைபனி டெக்சாஸ் தோட்டங்களைச் சிதைத்திருந்த வேளையில் அது கிடைத்தது.

விதையில்லாமை இம்முறைக்கு இவ்வளவு இசைந்து வருவதற்குக் காரணம் உண்டு. கதிர் குரோமோசோம்களை உடைக்கிறது. துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்போது இலையும் சாறும் பெரிதாக மாறுவதில்லை, ஆனால் மகரந்தமும் சூலும் உருவாகும் பிரிவில் குரோமோசோம்கள் சரியாக இணைசேர முடியாமல் மலட்டுத்தன்மை வருகிறது. விதை உருவாகாவிட்டாலும் காய்பிடிக்கும் திறன் இம்மரங்கள் பலவற்றுக்கு இயல்பாகவே இருப்பதால், உடைத்தலே இங்கே போதுமானதாகிறது. டேங்கோ என்ற மாண்டரின் (கமலா) வகை இதற்கு நல்ல சான்று. அதன் தாய் வகையான டபிள்யூ மர்காட், அயல் மகரந்தம் பட்டால் விதை வைக்கும். தேனீக்களைத் தடுக்கப் பூக்கும் பருவத்தில் மரங்களுக்கு வலை போர்த்துவார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் 1995இல் அதன் மொட்டுக் குச்சிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் தேர்ந்தெடுத்த டேங்கோ, 2006இல் வெளியானது. தேனீக்கள் வந்தாலும் அதில் விதை இருப்பது அரிது.

அந்தப் 11 ஆண்டுகளில் கதிர் பட்ட நேரம் மிகச் சிறியது, எஞ்சியதெல்லாம் தேடல். ஒரு மொட்டில் பல செல்கள் இருக்க, மாறுவது ஒன்றோ இரண்டோதான். அதனால் வளரும் கிளையில் மாறிய திசுவும் மாறாத திசுவும் கலந்திருக்கும். இதைக் கைமேரா என்பார்கள். அந்தக் கிளையிலிருந்து மொட்டெடுத்து ஒட்டி, அது வளர்ந்தபின் மறுபடியும் ஒட்டி, மாற்றம் நிலைபெறும்வரை தொடர வேண்டும். பின்னர் காய்க்கும் ஒவ்வொரு மரத்தின் பழங்களையும் அறுத்து விதைகளை எண்ண வேண்டும். இந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மரத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகச் சேர்க்கக் கதிரால் பெரும்பாலும் இயலாது. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுவும் மரத்தில் உண்டு; அதை உடைத்தாலே பயன் கிடைக்கலாம். எலுமிச்சை இனத்தைத் தாக்கும் சொறி நோய்க் கிருமி, மரத்தின் சொந்த மரபணு ஒன்றைத் தூண்டிவிட்டே பெருகுகிறது. மரபணுத் திருத்தம் மூலம் அந்தத் தூண்டலைத் தடுத்தபோது நோய் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒவ்வொரு செல்லிலும் இரண்டாக இருக்கும் அத்தகைய மரபணுவின் இரு நகல்களும் ஒரே செல்லில் கதிரால் உடைவது மிக அரிது என்றாலும், விதைகளை எண்ணுகிறவர்கள் இனி நோய் தாக்காத கிளை உண்டா என்று இலைகளையும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.