எட்டு கிலோவாட்டும் ஒரு பழைய ஃப்ரீஸரும்

வீட்டுக்கு சோலார் போட விலை சொல்ல முதலில் வந்தவர் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தனை பெட்ரூம்?" என்று கேட்டார். மூன்று என்றேன். "அப்படியென்றால் 5 கிலோவாட் இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி, ஆறு பேனல்" என்று சொல்லிவிட்டு, போட்டுக் கொடுத்த டீ ஆறுவதற்குள் கிளம்பிவிட்டார். இரண்டாவதாக வந்தவர் நேர் எதிர். 12 கிலோவாட், நான்கு பேட்டரி, இருபது பேனல். "ஒரு தடவை போட்டால் வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை ஆன்ட்டி" என்றார். விலையைப் பார்த்த என் வீட்டுக்காரர், இந்தக் காசுக்கு வீட்டை விற்றுவிட்டு நாமே வெயிலில் உட்கார்ந்துவிடலாம் என்றார்.

ஒரே வீடு, ஒரே மீட்டர். ஒருவர் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மற்றவர் சொல்கிறார். இரண்டு பேருமே நாங்கள் எவ்வளவு கரண்ட் செலவழிக்கிறோம் என்று கேட்கவில்லை. சரி, இதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

நான் கோவில்பட்டிக்காரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து பல வருஷம் ஆகிறது. ஊரின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் மாமியாரோடு இருக்கிறோம். வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், இட்லி மாவு செய்து கொடுக்கிறேன். இங்கே புரட்டாசி வந்தால் தமிழ் வீடுகளில் மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது. ஆடியில் மாரியம்மன் கோவில்களில் கஞ்சிப் பூஜை. இந்த இரண்டு மாதமும் தீபாவளிக்கு முந்தைய வாரமும்தான் எனக்கு அறுவடைக்காலம். 2023-இல் வருஷத்தில் முந்நூறு நாளுக்கு மேல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு இருந்தது. மின்வெட்டின் கடுமையான படியான ஸ்டேஜ் 6 என்றால் இரண்டிரண்டு மணி நேரமாக ஒரு நாளில் மூன்று நான்கு தடவை கரண்ட் போகும். அரைபட்டுக்கொண்டிருக்கும் மாவு பாதியில் நிற்கும். மின்கட்டணமும் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு அரசு மின் நிறுவனமான எஸ்காம் 18.65 சதவீதம் ஏற்றியிருந்தது.

முதல் வேலையாக ஒரு பழைய நோட்டை எடுத்து, காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ப்ரீபெய்ட் மீட்டரில் இருக்கும் எண்ணை எழுத ஆரம்பித்தேன். ஜூலையில் இரண்டு வாரம், புரட்டாசி ஆர்டர் உச்சத்தில் இருக்கும்போது இன்னும் ஒரு வாரம். காலை, மாலை என்று பிரித்து எழுதியதுதான் பெரிய உதவி. மொத்தச் செலவைப் பொறுத்துத்தான் பேனல், ராத்திரிச் செலவைப் பொறுத்துத்தான் பேட்டரி. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக வைத்திருந்தால் எதற்கும் உதவாது. எங்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 27 யூனிட் வந்தது. அதில் 14 ராத்திரியில்.

பாதிக்கு மேல் ராத்திரியில் போகிறது. எங்கே?

சுவரில் செருகி, அதில் சாமானைச் செருகினால் எத்தனை யூனிட் என்று காட்டும் சின்ன மீட்டர் ஒன்று கடையில் கிடைக்கிறது. அதை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வெட் கிரைண்டர் பாவம், ஒரு மணி நேரம் ஓடினாலும் கால் யூனிட்டைத் தொடவில்லை. நான் அதைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன். ஆனால் பின்கட்டில் மாமியார் கல்யாணப் பாத்திரம் மாதிரி காப்பாற்றி வைத்திருந்த பெட்டி ஃப்ரீஸர், 24 மணி நேரத்தில் 3.2 யூனிட். இருபது வருஷத்துக்கு முந்தியது. மூடியின் ரப்பர் ஓரத்தில் ஒரு காகிதத்தைச் செருகி இழுத்தேன், வெண்ணெயில் கத்தி போவது மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அதே அளவில் புது ஃப்ரீஸர் 1 யூனிட்டுக்குள் அடங்குகிறது. ஒரு நாளைக்கு 2 யூனிட்டுக்கு மேல் மிச்சம், அதில் பாதி ராத்திரி மிச்சம். ஒரு பேட்டரியின் விலையோடு பார்த்தால் ஃப்ரீஸரின் விலை சில்லறை. மாமியாரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "அது ஓடிக்கிட்டுதானே இருக்கு கண்ணு" என்றார். ஓடிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினையே.

அடுத்தது கீசர். 150 லிட்டர் தொட்டி, 3 கிலோவாட் எலிமென்ட். 20 டிகிரித் தண்ணீரை 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் பிடிக்கும், இது பள்ளிக்கூடக் கணக்குத்தான். சூடு கசிவதையும் சேர்த்தால் எங்களுக்கு 8. நாங்கள் அதை எப்போதும் ஆன் பண்ணியே வைத்திருந்தோம். எல்லாரும் சாயங்காலமும் விடியற்காலையும் குளிப்பதால், அது ராத்திரியிலேயே சூடேறிக்கொண்டிருந்தது. ஒரு டைமர் போட்டு காலை 10-லிருந்து மதியம் 2 வரை மட்டும் ஓட விட்டோம். எலிமென்டையும் 2 கிலோவாட்டாக மாற்றினோம். மதியம் சூடான தண்ணீர் மறுநாள் காலை வரை குளிக்கிற சூட்டில் இருக்கிறது. சூட்டைப் பிடித்து வைக்கிற தொட்டி, அதுவும் ஒரு பேட்டரிதான். லித்தியம் விலை இல்லாத பேட்டரி.

இந்த இரண்டு வேலைக்குப் பிறகு மீண்டும் நோட்டு. மொத்தம் 25, ராத்திரி 8-க்குக் கொஞ்சம் கீழே. இன்னும் ஒரு பேனல்கூட வாங்கவில்லை, அதற்குள் தேவையான பேட்டரி ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

மூன்றாவதாக வந்த தம்பி இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த பையன். தன் ஆயா தமிழ் பேசுவார், தனக்குச் சாப்பாட்டுப் பேர்தான் தெரியும் என்று சிரித்தான். நேராகப் போய் டிபி போர்டை, அதாவது வீட்டின் மின்சார ஸ்விட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டியைத் திறந்தான். "ஆன்ட்டி, அயர்ன் பாக்ஸ், கெட்டில், மைக்ரோவேவ் மூன்றும் சேர்ந்து எப்போது ஓடும்?" என்று கேட்டான். திங்கள்கிழமை காலை ஆறரைக்கு. அயர்ன் 2 கிலோவாட், கெட்டில் 2, மைக்ரோவேவ் ஒன்றேகால். 5 கிலோவாட்டைத் தாண்டிவிட்டது. அதே நேரத்தில் ஃப்ரீஸர் மோட்டார் கிளம்பினால் ஒரு நொடிக்கு இன்னும் ஏறும். யூனிட் கணக்கில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் எங்களுக்குப் போதும், ஆனால் திங்கள்கிழமை காலைக்குப் போதாது. நான் நோட்டில் எழுதாமல் விட்ட விஷயம் இதுதான்.

அப்புறம் வருங்காலம். கோவில் காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் எல்லாரும் உட்கார்ந்து எழுதினோம். வீட்டுக்காரர் முதலில் எழுதியது எலெக்ட்ரிக் கார். மகன் ஏசி. நான் இன்னொரு ஃப்ரீஸர். மாமியார் எதுவும் எழுதவில்லை, "எனக்கென்ன, ஒரு லைட்டு" என்றார்.

கார் என்று எழுதியதை நான்தான் அடித்துவிட்டேன். அவருக்கு வேலை உம்ஷ்லாங்கா பக்கம், போக வர 70 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 16, 17 யூனிட் என்று வைத்தால் தினம் 12 யூனிட். ஆனால் வெயில் அடிக்கிற நேரத்தில் கார் ஆபீஸில் நிற்கும். ராத்திரி வீட்டுக்கு வந்து பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றால் பேட்டரியை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்க வேண்டும். சனி ஞாயிறு வெயிலில் ஏற்றிக்கொள்ளலாம், மற்ற நாளுக்கு எஸ்காம். காருக்காகக் கூரையைப் பெரிதாக்குவது எங்கள் வீட்டுக்குப் பொருந்தாத கணக்கு. ஏசி அப்படியில்லை. இங்கே கோடையான பிப்ரவரிப் புழுக்கத்தில் வெயில் இருக்கும்போதுதான் அது ஓடும், கூடப் பேட்டரி தேவையில்லை. மகனோ இரண்டு வருஷத்தில் படிக்க வெளியூர் போய்விடுவான். அவனுடைய கேமிங் கம்ப்யூட்டரும் அரை மணி நேரக் குளியலும் அவனோடு போகும். வருங்காலத் தேவை என்றால் கூடுவதையே நினைக்கிறோம். குறைவதையும் அந்தத் தாளில் எழுத வேண்டும்.

தம்பி ஒன்று சொன்னான். பேட்டரியைப் பிறகு சேர்க்கலாம், இடம் இருந்தால் பேனலையும் சேர்க்கலாம். இன்வெர்ட்டரை, சுவருக்குள் போகும் ஒயரை, டிபி போர்டை மாற்றுவதுதான் செலவும் தூசியும். ஆகவே அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை இன்றைய கணக்குக்கு வாங்குங்கள். 8 கிலோவாட் இன்வெர்ட்டர், 5.12 யூனிட் பேட்டரி இரண்டு, 550 வாட் பேனல் பன்னிரண்டு. பேட்டரியை எண்பது சதவீதம்தான் காலி செய்வோம் என்று வைத்தால் 8 யூனிட் கிடைக்கும், ராத்திரிக்குச் சரியாக இருந்தது. மூன்றாவது பேட்டரிக்குச் சுவரில் இடம் விட்டு, கம்பியும் இழுத்து வைத்தான். கார் நிறுத்துமிடம் வரை ஒரு வெறும் குழாயை மண்ணில் புதைத்தோம். அது வீட்டுக்காரருக்காக. அடுப்பும் ஓவனும் இன்வெர்ட்டரில் சேராது, அவை நேராக எஸ்காம் பக்கம்.

எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் போடலாம் என்பதற்கு இணைப்பைப் பொறுத்து நகராட்சி வரம்பு வைத்திருக்கும். வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பதிவும், எலெக்ட்ரீஷியன் தரும் இணக்கச் சான்றிதழும் இல்லாவிட்டால் நாளை ஏதாவது நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

கூரையில் நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் என் கூடப்பிறந்த தம்பி வீட்டில் பேனல் தெற்குப் பார்த்து இருக்கும். நானும் பெரிய மனுஷி மாதிரி "தெற்குப் பக்கம் நல்ல சரிவு இருக்கிறது" என்று காட்டினேன். பையன் மரியாதையாக, "ஆன்ட்டி, இங்கே சூரியன் வடக்கே" என்றான். இத்தனை வருஷம் இந்த ஊரில் வடாம் காயப் போட்டிருக்கிறேன், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்ததே இல்லை. எங்கள் கூரைக்கு வடக்குச் சரிவு கிடையாது, கிழக்கும் மேற்கும்தான். ஆறு இங்கே, ஆறு அங்கே. வடக்கு நோக்கியதைவிடப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் குறையும், ஆனால் காலையிலேயே ஆரம்பித்து மாலை வரை பரவலாக வரும். மாவு அரைப்பவளுக்கு அது வசதிதான். பக்கத்து வீட்டு அவகாடோ மரத்தின் நிழலை ஜூலையிலேயே பார்த்து வைத்தது நல்லதாயிற்று. இங்கே குளிர்காலமான ஜூனில் நண்பகலில்கூட சூரியன் 37, 38 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது, நிழல் நீளமாகப் படுத்துவிடும். டிசம்பரில் பார்த்திருந்தால் அந்த மூலையிலும் பேனல் வைத்திருப்போம்.

டர்பனில் கோடைதான் மழைக்காலம். ஒரு கிலோவாட் பேனலுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஜனவரியில் மூன்று நாள் விடாமல் தூறியபோது பன்னிரண்டு பேனலும் சேர்ந்து ஒரு நாளைக்கு 6 யூனிட்தான் தந்தன. அந்த மூன்று நாளுக்காக இரண்டு மடங்கு பேனல் போடுவது வீண், அன்றைக்கு எஸ்காமில் வாங்கிக்கொள்ளலாம். வரிச் சலுகை கொஞ்சம் கை கொடுத்தது. 2023 மார்ச்சிலிருந்து 2024 பிப்ரவரி வரை பேனல் விலையில் கால் பங்கு, 15,000 ராண்ட் வரை. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் கிடையாது.

மாட்டி நாலு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. 2024 மார்ச் 26-இலிருந்து லோட்ஷெடிங்கே நின்றுபோனது. அதற்கப்புறம் பத்து மாதம் போல எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அங்கிள் தினமும் கூரையைப் பார்த்துச் சிரிப்பார். சிரிக்கட்டும். நான் லோட்ஷெடிங்கை வைத்து அளவு எடுக்கவில்லை, மீட்டரை வைத்து எடுத்தேன். மாதம் ப்ரீபெய்டில் போட்டுக்கொண்டிருந்த காசில் கால் பங்குகூட இப்போது போடுவதில்லை.

தாளில் யாரும் எழுதாதது போன குளிர்காலத்தில் வந்தது. மாமியாருக்கு நுரையீரல் தளர்ந்து, வீட்டிலேயே ஆக்ஸிஜன் மிஷின் வைக்கச் சொல்லிவிட்டார்கள். 350 வாட்தான். ஆனால் இரவும் பகலும் நிற்காமல். ஒரு நாளைக்கு 8.4 யூனிட், ராத்திரிக்கு 4.2. "எனக்கென்ன, ஒரு லைட்டு" என்றவர், வீட்டிலேயே கீசருக்குச் சமமாக கரண்ட் எடுப்பவராக ஆகிவிட்டார். பகலுக்குப் பிரச்சினையில்லை, மகன் போனதில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. ராத்திரிதான் விடியற்காலை மூன்று மணிக்கே பேட்டரி அடிமட்டத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு எஸ்காம் கரண்ட் கை கொடுக்கும்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தெருவில் கேபிள் பழுதானால்?

சுவரில் விட்ட இடத்துக்கு வேலை வந்தது. அதே மாடல் பேட்டரி கடையில் இல்லை. அதே கம்பெனியின் புது மாடல்தான். தம்பி அதைக் கொண்டுவந்து உடனே மாட்டவில்லை. பழைய இரண்டையும் முழுதாக ஏற்றச் சொன்னான், புதியதையும் தனியாக முழுதாக ஏற்றி, இரண்டு பக்கமும் மீட்டர் வைத்து வோல்ட் ஒன்றாக வந்த பிறகுதான் இணைத்தான். இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் கரண்ட் பாய்ந்துவிடுமாம். மற்ற இரண்டையும் நடத்தும் தலைவனாகப் புதியதை வைத்து மென்பொருளையும் ஏற்றினான். கம்பி ஏற்கெனவே இருந்ததால் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

இப்போது ராத்திரி எழுந்தால் போனில் ஒரு பார்வை. நேற்று விடியற்காலை நாலு மணிக்கு 38 சதவீதம். அடுத்த அறையில் மிஷின் மூச்சு விடுவது கேட்கிறது.

வீட்டுக்காரரின் கார் இன்னும் வரவில்லை. பேனலுக்கு அடியில் மைனாக்கள் கூடு கட்டி ஒயரைக் கொத்தியதால் போன மாதம் சுற்றிலும் வலை அடித்தோம். நம் ஊரிலிருந்து நம்மைப் போலவே கப்பலேறி வந்த பறவைதான், எளிதில் இடத்தை விடாது. வலையைப் பார்த்துவிட்டு, காருக்காகப் போட்ட குழாயின் வாயில் வைக்கோலைத் திணிக்க ஆரம்பித்திருக்கிறது.