2005ஆம் ஆண்டுப் புட்டி
நேற்று இரவு நிலவறையில் மிச்சமிருந்த கடைசி 2005 பொர்தோவை, அதாவது பிரான்சின் பொர்தோ வட்டாரச் சிவப்பு ஒயினைத் திறந்தேன். தக்கை பாதி வரை கருஞ்சிவப்பாக ஊறியிருந்தது. உடையாமல் வெளியே வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறம். வாங்கிய புதிதில் ஒன்றைத் திறந்தபோது, கொட்டைப்பாக்கைக் கடித்ததுபோல் நாக்கெல்லாம் துவர்த்தது. அந்தத் துவர்ப்பு இப்போது எவ்வளவு பதமாக இருக்கிறது! திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும், துவர்ப்பைத் தரும் டானின்களும் நிறமிகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, கீழே படிகின்றன. புட்டியின் அடியில் கிடந்த கசடு அதுதான்.

எல்லாச் சிவப்பு ஒயினும் இப்படிக் கனியாது. பொஷொலே நூவோ என்ற பிரெஞ்சு இளம் ஒயினை, விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே குடித்துவிட வேண்டும்.

வீட்டில் சேர்த்து வைப்பவர்கள் வெப்பத்தைக் கவனியுங்கள். 12, 13 டிகிரி உத்தமம். அதைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. முதல் வீட்டில் கொதிகலனுக்கு அருகே அடுக்கிய 6 புட்டிகள் வெந்த பழமாக நாறிப் போயின. இன்றும் மனம் ஆறவில்லை. புட்டியைப் படுக்க வையுங்கள். தக்கை காய்ந்தால் காற்று புகுந்துவிடும்.

இன்று காலை வெறும் கோப்பையை முகர்ந்தேன். சுருட்டுப் பெட்டி வாசம் இன்னும் இருக்கிறது.