ஈவில் டெட்: நிறுத்தி நிறுத்திப் பார்த்த குறிப்புகள்

மார்ச் 4
சாம் ரெய்மி இயக்கிய பேய்ப்படம் 'ஈவில் டெட்' 1981-இல் வந்தது. எடுத்த இடம் அமெரிக்காவின் டென்னசி மாநிலம், மாரிஸ்டவுன் பக்கம் ஒரு பாழடைந்த காட்டு வீடு. மொத்தச் செலவு நான்கு லட்சம் டாலருக்கும் குறைவு. பேயை உருவமாகக் காட்டக் காசில்லை, அதனால் கேமராவே பேய். ஓடும்போதும் கேமராவை ஆடாமல் தாங்கும் ஸ்டெடிகேம் கருவி கட்டுப்படியாகாது. நீளப் பலகையின் நடுவில் கேமராவை இறுக்கி, முனைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் கால் இடறி அவர் பக்கம் நான்கு அங்குலம் இறங்கினாலும் நடுவில் இரண்டுதான் இறங்கும். மிச்ச உதறலை, அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ் அமுக்கிவிடும். வேகத்தைக் கூட்டிக் காட்டுவதும் அதுதான். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் போட்டிருந்தால் எதுவும் தேறியிருக்காது. பலகை சாய்ந்தால் ஃப்ரேமும் சாயும், அதற்கு மருந்தில்லை. அடிவானம் தெரியாத காடு என்பதால் உறுத்தவில்லை.

மார்ச் 6
ரத்தம்: கேரோ சோளச் சிரப், சிவப்பு ஃபுட் கலர், பால் சேராத காபி க்ரீமர். க்ரீமர் எதற்கு? சிரப்பும் கலரும் மட்டும் இருந்தால் வெளிச்சம் ஊடுருவி ஜாம் மாதிரி தெரியும். க்ரீமர்தான் அதை மங்கலாக்குகிறது. செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு: கால் லிட்டர் சிரப், இரண்டு டீஸ்பூன் சிவப்பு, ஒரு சொட்டு நீலம், ஒரு டீஸ்பூன் க்ரீமர். க்ரீமரை முதலில் வெந்நீரில் கரைக்க வேண்டும். நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். படப்பிடிப்பு நடந்ததோ குளிர்காலம். குளிரில் சிரப் இறுகும், குழாயில் ஏறாது. பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்கினால் இளகும். காய்ந்தால் பாகுதான். நாயகன் ப்ரூஸ் கேம்பெல்லின் ஊறிய சட்டையை நெருப்பருகே உலர்த்த, அது விறைத்து உடைந்தே போனதாம்.

மார்ச் 7
பேய் பிடித்தவர்களின் வெள்ளைக் கண்கள், விழிமேல் பொருத்திய தடித்த கண்ணாடி லென்ஸ். கருவிழிக்குக் காற்று போகாது; ஒரு தடவைக்குக் கால் மணி நேரம்தான் தாங்கும். போட்டவருக்குப் பார்வையும் இல்லை. அந்தத் தட்டுத்தடுமாறும் நடையில் பாதி நடிப்பே அல்ல.

மார்ச் 11
கடைசியில் உடல்கள் உருகும் காட்சி, ஒப்பனை, தந்திரக் காட்சிகளைச் செய்த டாம் சல்லிவனின் கைவேலை. ஸ்டாப் மோஷன்: பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம் பிடிப்பது. நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு நிலையை இரண்டு ஃப்ரேம் பிடித்தாலும் நொடிக்குப் பன்னிரண்டு முறை பொம்மையைத் தொட வேண்டும். நடுவில் விளக்கின் மின்னழுத்தம் மாறினால் படம் மினுக்கும். சூட்டில் களிமண் தானாகத் தொய்ந்தாலும் கணக்குத் தப்பும்.

எடுத்தது 16 எம்எம் ஃபிலிமில், தியேட்டருக்காக 35-க்குப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கினால் கிரெய்னும், அதாவது ஃபிலிமின் பொடிப்பொடிப் புள்ளிகளும், பெரிதாகும். முகமூடி ஒட்டிய விளிம்பை மறைத்தது அந்தக் கிரெய்ன்தான். அதனால் துல்லியமான 4கே பிரதி இருந்தாலும், முதல் தடவை பார்ப்பவருக்கு நான் பழைய பிரதியைத்தான் சொல்வேன்.