இடது பக்கத்து 7 எழுத்து

வெள்ளிக்கிழமை மாலை 6.10. பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகம். மடிவாளாவில் 9 மணிக்குச் சேலம் பஸ். அந்த அவசரத்தில், நிரலின் என் தனிக் கிளையில் இருப்பதாக நினைத்து, எல்லோருக்கும் பொதுவான மெயின் கிளையிலேயே கமிட் போட்டு (மாற்றத்தைப் பதிந்து) சர்வருக்குப் புஷ் கொடுத்தேன். நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருள் மறுத்தது. ஏன் என்று கீழேயே எழுதியிருந்தது, யார் படித்தார்கள்? ஃபோர்ஸ், அதாவது 'கட்டாயமாகத் தள்ளு' என்பதைச் சேர்த்து மறுபடி தட்டினேன், போய்விட்டது. என்னிடம் இருந்த மெயின் நான்கு நாள் பழையது. இடையில் மற்றவர்கள் சேர்த்திருந்த 11 கமிட்டுகளும் கிளையிலிருந்து மறைந்துவிட்டன.

"ரிஃப்ளாக் பார்" என்றார்கள். அரை மணி நேரம் பார்த்தேன். கிட்டின் அந்தப் பதிவேடு அவரவர் கணினியில் நடந்ததற்கு மட்டும் கணக்கு வைக்கும். என்னிடம் வந்தே சேராத கமிட் அதில் எப்படி இருக்கும்? சர்வர் குழுவைக் கேட்டால், "டிக்கெட் போடுங்கள்." அந்தப் புகார்ப் பதிவையும் போட்டேன்.

கைகொடுத்தது டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், கிடந்த ஒரே வரி. ஃபோர்ஸ் புஷ் முடிந்ததும் கூட்டல் குறியோடு வருமே, அதுதான்: இடது பக்கம் கிளையில் முன்பிருந்த கடைசி கமிட்டின் ஹேஷ் (அடையாளக் குறி), மூன்று புள்ளி, வலது பக்கம் நாம் திணித்த புது ஹேஷ். பதற்றத்தில் திரையைத் துடைத்துவிடாதீர்கள். இடது பக்கத்து 7 எழுத்தை நிரலைத் தொகுக்கும்போது வரும் பில்ட் மின்னஞ்சல்களில் தேடினேன். 5.50க்கு எங்கள் குழுவின் ஓசூர் அண்ணன் போட்ட கமிட்! கடைசியாகப் புஷ் செய்தவரிடம் முந்தைய அத்தனையும் இருந்தாக வேண்டும்.

அவர் பைக்கில் ஓசூர் வழியிலுள்ள அத்திப்பள்ளியைத் தொட்டிருந்தார். டீக்கடை பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து, "முதலில் புல் கொடுத்துவிடட்டுமா தம்பி?" என்றார்.

"ஐயோ, வேண்டாம் அண்ணா!" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே விட்டார். புல் என்றால் சர்வரில் இருப்பதை இழுத்துக் கலப்பது; கொடுத்தால் என் கமிட் அவருடைய மெயினிலும் கலந்துவிடும். கலக்காமல் கொண்டுவரும் ஃபெட்ச் மட்டும் செய்து, பிறகு ஃபோர்ஸ் வித் லீஸ் போடச் சொன்னேன். நாம் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே சர்வர் இருந்தால்தான் அது தள்ளும். நடுவில் வேறு யாராவது புஷ் செய்திருந்தால் மறுத்துவிடும். அந்த வெறும் ஃபோர்ஸை இனி நான் தொடப்போவதில்லை.

அதுவும் மறுக்கப்பட்டது. என் டிக்கெட்டைப் பார்த்த சர்வர் குழு, மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு மெயினைப் பூட்டியிருந்தது! இத்தனை நாள் திறந்து கிடந்ததற்கு இப்போது பூட்டு. திறக்க இன்னொரு டிக்கெட் வேண்டுமாம். 45 நிமிடம். அண்ணன் மூன்று டீ குடித்தார்.

8.40க்கு மெயின் பழையபடி நின்றது. 11 கமிட்டுகளையும் விரல்விட்டு எண்ணினேன். அதற்குள் ஒருவர் என் கோளாறான மெயினை இழுத்து வைத்திருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, புஷ் செய்யாமல் சர்வரின் மெயினுக்கே ரீசெட் செய்ய வைத்தேன்.

9 மணி பஸ் போய்விட்டது, டிக்கெட் காசும் திரும்பவில்லை. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே அத்திப்பள்ளியைக் கடந்தேன். டீக்கடையைச் சாத்தியிருந்தார்கள்.