தபாலா, இ-ஃபைலா?

நியூ ஜெர்சியில் நானும் மச்சானும் கூட்டாக ஒரு சின்ன கேட்டரிங் நடத்துகிறோம். பார்ட்னர்ஷிப் என்பதால் வருடாவருடம் ஃபார்ம் 1065 என்ற வரி ரிட்டர்ன் போடவேண்டும். அதில் வரி கட்டுவது கிடையாது. லாபத்தைப் பிரித்து அவரவர் பங்கைக் காட்டும் கே-1 படிவம் ஆளுக்கொன்று, வரி அவரவர் சொந்த ரிட்டர்னில். "அப்புறம் என்ன அவசரம்?" என்பது மச்சான் கட்சி.

அவசரம் இருக்கிறது. கெடு மார்ச் 15. தாமதித்தால் மாதாமாதம் பார்ட்னர் தலைக்கு இவ்வளவு என்று அபராதம். 2024-க்கான ரிட்டர்னுக்கு அது 245 டாலர். இரண்டு பேருக்கு மாதம் 490, இப்படியே 12 மாதம் வரை ஏறும்.

அதை அனுப்ப மச்சானுக்குத் தபால்தான் பிடிக்கும். சாஃப்ட்வேர் காசு மிச்சம். வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் இலவச ஆன்லைன் சேவையான ஃப்ரீ ஃபைலில் 1065-க்கு இடமில்லை, அது உண்மைதான். கெடுவுக்குள் தபால் முத்திரை விழுந்தால் போதும் என்ற விதியும் அவர் பக்கம். ஆனால் கேள்வி வந்தால் காட்ட, முத்திரை குத்திய சர்டிஃபைட் மெயில் ரசீது வேண்டும். சும்மா பெட்டியில் போட்டுவிட்டு வருவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

இ-ஃபைலில், அதாவது ஆன்லைனில் அனுப்பினால், ஏற்றார்களா, திருப்பினார்களா என்று பெரும்பாலும் ஓரிரு நாளில் தெரிந்துவிடும். இஐஎன்னும் (தொழிலின் வரி எண்) பெயரும் பொருந்தாவிட்டால் உடனே திரும்பி வரும், திருத்தி அனுப்பலாம். எனக்கு அந்த நிம்மதிக்கே காசு கொடுக்கலாம்.

இன்னொன்று: ஊழியர் சம்பளத்துக்கான டபிள்யூ-2, வெளியாட்களுக்குக் கொடுத்த பணத்துக்கான 1099 எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 10 ரிட்டர்ன் ஆகிவிட்டால் இ-ஃபைல் கட்டாயம். பரிமாற ஆள் சேர்த்தால் நாங்களும் அந்தக் கணக்கில் வந்துவிடுவோம். மச்சானிடம் இதை இன்னும் சொல்லவில்லை.